தாராளமும் நலவுரிமையும்: 'லிபரல்' என்னும் அரசியற்சொல் தமிழில் பெற்ற வடிவங்கள்

முன்னுரை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகராகிய ஆஸ்டினுக்கு வடக்கே, வில்லியம்சன் கவுண்டியில் அமைந்த நகரம் ரவுண்ட் ராக். 1990-களில் டெல் நிறுவனம் தன் தலைமையிடத்தை இங்கு அமைத்த பின்னர், கணினித் துறை சார்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்நகரிலும் அண்டை ஊர்களிலும் குடியேறின. இக்குடும்பங்களில் ஒரே உணவு மேசையில் 'லிபரல்' என்னும் சொல் ஒன்றுக்கொன்று முரணான இரு பொருள்களில் வழங்கக் காணலாம். இங்கே பிறந்து வளர்ந்த மகள் ஒருவரை 'லிபரல்' என்று குறித்தால், மருத்துவத்துக்கும் கல்விக்கும் அரசு கூடுதலாகச் செலவிட வேண்டும், சிறுபான்மையோர் உரிமையைச் சட்டம் முன்வந்து காக்க வேண்டும் என்று கருதுபவர் என்பது பொருள். 1990-களில் தமிழ்நாட்டில் கல்லூரியில் பயின்ற தந்தைக்கோ அச்சொல்லின் தமிழ் வடிவம் 'தாராளமயம்' என்பதாகும். தொழில்துறையிலிருந்து அரசு விலகிக்கொள்வதையும் பொதுத்துறை சுருங்குவதையும் அது குறிக்கும். மகள் சொல்லும் சொல்லில் அரசின் கை நீள்கிறது. தந்தை சொல்லும் சொல்லில் அது சுருங்குகிறது. இருவரும் தத்தம் மொழியில் பிழையின்றியே பேசுகின்றனர். ஆயினும் ஒருவர் கூற்று மற்றவரைத் தலைகீழாகவே சென்றடைகிறது.

இம்முரணை மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பிழையென்று கருதி விலக்கிவிட இயலாது. 'லிபரல்' என்னும் சொல்லைத் தமிழ் ஒருமுறை மொழிபெயர்த்துக்கொண்டு அமையவில்லை. கடந்த நூறாண்டுக்கு மேலான காலத்தில் நிதானம், மிதவாதம், நலவுரிமை, சுதந்திரம், தாராளம், தாராண்மை எனப் பல சொற்கள் அதனோடு தொடர்புற்றுள்ளன. அவ்வக்காலத்து அரசியற் பூசல் எக்கூற்றை வேண்டியதோ அக்கூறே தமிழுக்கு வந்தது; ஏனையவை விடுபட்டன. இவற்றுள் இன்று மேலோங்கியுள்ள 'தாராளம்' கொடுப்போனை முன்னிறுத்தும் சொல். வரலாற்று நூல்களின் பெயர்ப்பட்டியலில் மட்டும் எஞ்சியுள்ள 'நலவுரிமை' உரிமையுடையோனை முன்னிறுத்தும் சொல். முன்னது பின்னதன் இடத்தைப் பிடித்ததால் தமிழ் அரசியற் சிந்தனைக்கு நேர்ந்த இழப்பை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லின் மேலைப் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'லீபெர்' என்பது அடிமை அல்லாதவனைக் குறிக்கும். அதிலிருந்து தோன்றிய 'லீபெராலிஸ்' என்பது அத்தகைய கட்டற்ற மனிதனுக்குத் தக்கது என்னும் பொருளுடையது. அப்பொருள் இரு கிளைகளாக வளர்ந்தது. கட்டற்றவனுக்குத் தக்க கல்வி ஒரு கிளை. அவனுக்குத் தக்க பெருந்தன்மை, குறிப்பாகக் கொடை, மற்றொரு கிளை. ரவுண்ட் ராக்கை அடுத்த ஜார்ஜ்டவுனில் உள்ள சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் தன்னை 'லிபரல்' கலைகளுக்குரிய நிறுவனமாக அறிவித்துக்கொள்கிறது. அதனை எவரும் கட்சி அடையாளமாகக் கொள்வதில்லை. முதற் கிளையின் பழம்பொருள் அங்கே இன்றும் வாழ்கிறது.

இச்சொல் அரசியல் அணியொன்றின் பெயராக முதலில் நிலைபெற்றது ஸ்பெயின் நாட்டிலாகும். நெப்போலியனின் படையெடுப்புக் காலத்தில், 1810-இல் தொடங்கிய காதிஸ் பேரவையில், மன்னனின் வரம்பற்ற அதிகாரத்தை அரசியலமைப்பால் கட்டுப்படுத்த விரும்பியோர் 'லிபராலெஸ்' எனப்பட்டனர். அவர்களை எதிர்த்தோருக்கு 'செர்விலெஸ்', அதாவது அடிமைப்புத்தியினர், என்னும் இகழ்ச்சிப் பெயர் வாய்த்தது. கட்டற்றவன், அடிமை என்னும் பழைய இலத்தீன் எதிர்மை இங்குக் கட்சிப் பெயர்களாக உயிர்பெற்றமை நோக்கத்தக்கது. பிரிட்டனில் 1859-இல் லிபரல் கட்சி உருப்பெற்றது.

அக்கட்சியின் தொடக்கக் கொள்கையில் விடுதலை என்பது பெரும்பாலும் அரசின் தலையீட்டிலிருந்து பெறும் விடுதலையே. ஆனால் வறுமையும் நோயும் மனிதனைக் கட்டிப்போடுமாயின், அக்கட்டை அவிழ்ப்பதும் அரசின் கடனாகாதா என்னும் வினா 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தது லிபரல் அரசே. 1911-இல் ஹாப்ஹவுஸ் இக்கொள்கை குறித்து எழுதிய நூல் இத்திருப்பத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. எனவே 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போதே இச்சொல்லுள் இரு போக்குகள் இருந்தன: அரசிடமிருந்து விடுதலை என்பது ஒன்று, அரசின் துணையால் விடுதலை என்பது மற்றொன்று. 1944-இல் தோன்றிய ஆஸ்திரேலிய லிபரல் கட்சி முதற் போக்கைச் சார்ந்து வலதுசாரி அணியானது. அமெரிக்கா இரண்டாம் போக்கைப் பற்றிக்கொண்டது.

2. வில்லியம்சன் கவுண்டி தரும் சான்று

அமெரிக்காவில் இத்திருப்பம் நேர்ந்த காலத்தை ஏறத்தாழ வரையறுத்துச் சொல்லலாம். 1928 தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவர், தொழில்துறையில் அரசு நுழையாமையே உண்மையான லிபரல் நெறி என வாதிட்டார். 1932-இல் சிகாகோவில் தம் கட்சியின் வேட்பை ஏற்றுப் பேசிய பிராங்கிளின் ரூஸ்வெல்ட், திட்டமிட்ட அரசுச் செயற்பாட்டையே லிபரல் சிந்தனையின் அடையாளமாக முன்வைத்தார். நான்கு ஆண்டுகளுக்குள் எதிரெதிர் அணியினர் இருவர் ஒரே சொல்லுக்கு உரிமை கோரினர். ரூஸ்வெல்ட்டின் 'நியூ டீல்' வெற்றிபெற்றது. சொல்லும் அவர் பக்கமே சென்றது.

இம்மாற்றத்தை ரவுண்ட் ராக் அமைந்த கவுண்டியின் வரலாற்றிலேயே இரு மனிதர் வழியாகக் காணலாம். டேன் மூடி இக்கவுண்டியின் டெய்லர் நகரிற் பிறந்தவர். 1923-இல் வணிகப் பயணி ஒருவரைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கூ குளுக்ஸ் கிளான் உறுப்பினர்மீது ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திச் சிறைத்தண்டனை பெற்றுத் தந்த அரசு வழக்கறிஞர் அவரே. கிளான் அமைப்பின் செல்வாக்கு ஓங்கியிருந்த அந்நாளில் இது துணிவான செயல். அதனால் எழுந்த புகழோடு 1927 முதல் 1931 வரை மாநில ஆளுநராக இருந்த அவரை நாடு சீர்திருத்தராகவே அறிந்தது. ஆயினும் நியூ டீல் வந்தபின் அவர் அதன் எதிரணியில் நின்றார்; 1952-இல் கட்சி கடந்து ஐசன்ஹோவரை ஆதரித்தார்.

மற்றவர் லிண்டன் ஜான்சன். 1937-இல் இக்கவுண்டியை உள்ளடக்கிய பத்தாம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். நியூ டீல் கொள்கையை முன்வைத்தே அத்தேர்தலில் வென்றார். 1948-இல் செனட் வேட்பாளர் தேர்தலில் அவர் 87 வாக்குகளில் வென்றபோது, அம்முடிவை எதிர்த்த கோக் ஸ்டீவன்சனுக்காக வழக்காடியவர்களுள் டேன் மூடி முதன்மையானவர். பின்னர்க் குடியரசுத் தலைவரான ஜான்சன் 1964-இல் குடியுரிமைச் சமத்துவச் சட்டத்திலும், 1965-இல் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும் கையொப்பமிட்டார். இன்று 'அமெரிக்க லிபரல்' என்றால் எழும் உருவம் பெரும்பாலும் அவர் காலச் சட்டங்கள் வரைந்ததே.

கிளானை எதிர்த்து நின்ற மூடி தனிமனிதனைக் கும்பலிடமிருந்து சட்டத்தால் காத்தார். ஜான்சன் தனிமனிதனை வறுமையிலிருந்தும் ஒதுக்கலிலிருந்தும் சட்டத்தால் காக்க முனைந்தார். இருவர் செயலும் 'லீபெர்' என்னும் வேரிலிருந்து கிளைத்தவையே. எனினும் காலம் ஒருவருக்கு அச்சொல்லை வழங்கி, மற்றவரிடமிருந்து விலக்கிக்கொண்டது. அதன் பின்னர் அச்சொல்லே வசையாகவும் ஆயிற்று. 1988 தேர்தலில் ஜார்ஜ் புஷ் தம் போட்டியாளரைத் தாக்க அதனைப் பயன்படுத்தினார். லிபரல் எனப்பட்டோர் பலர் 'முற்போக்காளர்' என்னும் பொருள்படும் வேறு பெயரை நாடினர்.

மேலை நாட்டிலேயே இவ்வாறு நிலைபெயர்ந்த சொல் தமிழ்நாட்டிற்கு வந்தபோது அடைந்த நிலையை இனிக் காண்போம்.

3. சென்னையில் இரு 'லிபரல்' அமைப்புகள்

1907 டிசம்பரில் சூரத் காங்கிரசில் ஏற்பட்ட பிளவு, இந்திய அரசியலில் இரு அணிகளை வெளிப்படையாக்கியது. வேண்டுகோள் வழியே படிப்படியாகச் சீர்திருத்தம் பெற விழைந்த அணியினரைத் தமிழில் மிதவாதிகள் என்றனர். சூரத் சென்று திரும்பிய பாரதியார் தம் அரசியற் பாடல் ஒன்றன் தலைப்புக் குறிப்பில் அவர்களை 'நிதானக் கட்சியார்' என்றே சுட்டினார். பாடலின் போக்கில் அந்நிதானம் எள்ளலுக்கு உரியதாகிறது. 1918-இல் இவ்வணியினர் காங்கிரசிலிருந்து விலகித் தேசிய அளவில் அமைத்த கூட்டமைப்பின் ஆங்கிலப் பெயரில் 'லிபரல்' என்னும் சொல் இருந்தது. பிரிட்டிஷ் லிபரல் கட்சியின் மரபைத் தமதாகக் கொள்வதே அவர்கள் கருத்து. சீனிவாச சாஸ்திரியாரும் சிவசாமி ஐயரும் அவ்வமைப்பின் சென்னை முகங்கள். ஆனால் தமிழ் வாசகருக்கு அவர்கள் மிதவாதிகளாகவே நீடித்தனர். கொள்கைப் பெயர் தமிழுக்கு வரும்போது மனப்பாங்கின் பெயராயிற்று. அவர்கள் எதனை நம்பினர் என்பது மறைந்து, எவ்வளவு மெல்லப் பேசினர் என்பது மட்டும் எஞ்சியது.

இதற்கு முன்னரே சென்னையில் மற்றோர் அமைப்பு இச்சொல்லைத் தன் ஆங்கிலப் பெயரில் ஏற்றிருந்தது. 1916 நவம்பரில் தியாகராயச் செட்டியார், டி. எம். நாயர், நடேச முதலியார் ஆகியோர் முயற்சியால் தோன்றிய அவ்வமைப்பைத் தமிழ் வரலாற்று நூல்கள் 'தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்' என்று குறிக்கின்றன. அது நடத்திய 'ஜஸ்டிஸ்' என்னும் ஆங்கில நாளிதழால் மக்கள் வழக்கில் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது. ஒரே நகரில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே சொல்லைப் பெயரில் தாங்கிய இரு அமைப்புகள் சமூக அடித்தளத்தில் வேறுபட்டு, அரசியலில் போட்டியிட்டன. ஆங்கிலம் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது. தமிழ் ஒன்றை 'மிதம்' என்றும் மற்றொன்றை 'நலவுரிமை' என்றும் பிரித்துக் கண்டது. ஆங்கிலத்தினும் தமிழ் கூர்மையாகச் செயற்பட்ட இடம் இது.

'நலவுரிமை' என்னும் தொடரை ஊன்றி நோக்குதல் வேண்டும். அது அகராதி வழிப்பட்ட நேர் மொழிபெயர்ப்பு அன்று. 'லிபரல்' என்பதில் உள்ள கொடைப்பொருளை அது முற்றிலும் விலக்கியது. 'நலம்' என்பது மக்கள் அடைய வேண்டிய நிலை. 'உரிமை' என்பது அந்நிலையை இரந்து பெறாமல் கேட்டுப் பெறும் தகுதி. இவ்விரண்டையும் இணைத்தமையால், அரசின் துணையால் விடுதலை என்னும் கருத்துக்கு இத்தொடர் மிக அணுக்கமாக அமைந்தது. 1920 டிசம்பரில் நீதிக்கட்சி ஆட்சியேற்றபின் நிகழ்ந்தவை இப்பெயருக்கு உரையாக அமைந்தன: 1921-இல் அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீட்டை நோக்கிய ஆணை பிறந்தது, அதே ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது, பின்னர் இந்து சமய அறநிலையங்களை அரசு மேற்பார்வைக்குக் கொணரும் சட்டம் இயற்றப்பட்டது.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. தனிமனிதனையே அலகாகக் கொண்ட மேலைக் கொள்கைக்கும், வகுப்பை அலகாகக் கொண்ட பங்கீட்டுக்கும் பொருத்தமில்லை. ஆகவே நீதிக்கட்சியார் ஆங்கிலப் பெயரைப் பொருந்தாமல் சூடிக்கொண்டனர் எனக் கூறுவர். இம்மறுப்பில் உண்மையுண்டு. நீதிக்கட்சித் தலைமையில் நிலவுடைமையாளரும் செல்வரும் மிகுந்திருந்தமையும், ஒடுக்கப்பட்டோர் அக்கட்சியின்மீது கொண்ட குறையும் மறைக்கத்தக்கன அல்ல. ஆனால் பிறப்பால் வரும் தடையே தனிமனிதனின் முதற் கட்டாக இருக்கும் சமூகத்தில், அக்கட்டை வகுப்பளவில் அவிழ்க்காமல் தனிமனித அளவில் மட்டும் அவிழ்க்க இயலுமா என்னும் வினாவும் நிற்கிறது. தமிழ்ப் பெயர் அவ்வினாவைத் தன்னுள் கொண்டிருந்தது. ஆங்கிலப் பெயர் அதனைக் கொண்டிருக்கவில்லை.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. 1935-இல் நீதிக்கட்சியின் சார்பில் தொடங்கப்பட்டு, பின்னர்ப் பெரியாரின் பொறுப்பில் நாளிதழாக வளர்ந்த ஏட்டின் பெயர் 'விடுதலை'. 'லிபரல்' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருளும் அதுவே. வேரை அறிந்து இப்பெயர் இடப்பட்டது என்று கொள்ள இடமில்லை. ஆயினும் கட்சிப் பெயரில் 'நலவுரிமை', ஏட்டின் பெயரில் 'விடுதலை' என அச்சொல்லின் இரு உயிர்க்கூறுகளும் ஒரே இயக்கத்தில் தமிழ் வடிவம் பெற்றமை தற்செயலாயினும் பொருளுடையது. 1944-இல் சேலம் மாநாட்டில் அமைப்பு 'திராவிடர் கழகம்' எனப் பெயர் மாறியபோது, 'நலவுரிமை' வழக்கொழிந்து வரலாற்றுச் சொல்லாயிற்று.

4. உறவறியாத கூட்டணி

1959-இல் இராஜாஜி சென்னையில் அறிவித்த சுதந்திராக் கட்சி, உரிமம், அனுமதி, ஒதுக்கீடு ஆகியவற்றால் நடக்கும் ஆட்சியை எதிர்த்தது. மேலை அளவுகோலின்படி இது 'லிபரல்' கொள்கையின் முதற் போக்கு: அரசிடமிருந்து விடுதலை. 1967 தேர்தலில் இக்கட்சியும் திராவிட முன்னேற்றக் கழகமும் ஒரே கூட்டணியில் நின்றன. இதனைக் காங்கிரசை வீழ்த்த எழுந்த தேர்தல் உடன்பாடு என்றே நூல்கள் விளக்குகின்றன, அவ்விளக்கம் பிழையன்று. எனினும் சொல் வரலாற்றின் கண்ணால் நோக்கின், ஒரு புறம் 'லிபரல்' கூட்டமைப்பின் வழித்தோன்றல், மறுபுறம் 'லிபரல்' பொருளியலின் முழுமையான குரல். ஒரே வேரின் இரு கிளைகள் அறுபதாண்டுப் பிரிவுக்குப்பின் ஒரே மேடையில் நின்றன. அவ்வுறவைக் காட்டும் பொதுச்சொல் தமிழில் இல்லாமையால், அவ்வுறவு விவாதிக்கப்படவே இல்லை. அரசு எதுவரை செல்லலாம், எங்கு நிற்க வேண்டும் என்னும் வினாவை இவ்விரு தரப்பும் தமிழில் எதிரெதிர் நின்று ஆராய்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு நழுவிற்று.

5. தாராளம்: கொடுப்போனின் சொல்

1991 ஜூலையில் மன்மோகன் சிங் முன்வைத்த வரவுசெலவுத் திட்டமும் புதிய தொழிற்கொள்கையும் இந்தியப் பொருளியலின் போக்கை மாற்றின. அப்போது 'தாராளமயமாக்கல்' என்னும் சொல், தனியார்மயமாக்கல், உலகமயமாக்கல் என்பவற்றோடு மூன்றாவதாக இணைந்து நாளிதழ்களில் பரவியது. இடதுசாரி ஏடுகள் அதனைக் கண்டனச் சொல்லாகவே கையாண்டன. 'தாராளவாதம்', 'நவதாராளவாதம்' என்பன அதன் சாயலிலேயே பொருள் கொள்ளப்பட்டன.

தாராளம் என்பது தமிழில் வண்மைக்கும் கொடைக்கும் அணுக்கமான சொல். வள்ளலைப் போற்றும் நெடிய மரபுடைய மொழியில் அதற்கு மதிப்பு மிகுதி. ஆனால் கொடை என்னும் காட்சியில் எப்போதும் இருவர் உளர்: மேலிருந்து ஈவோன் ஒருவன், கீழிருந்து ஏற்போன் மற்றொருவன். அரசியற் கொள்கைக்கு இச்சொல்லை இட்டபோது அக்காட்சியும் உடன்வந்தது. இதன் விளைவு இரு தரப்பையும் பாதிக்கிறது.

அமெரிக்க லிபரல்களைத் 'தாராளவாதிகள்' எனத் தமிழ்ச் செய்தி குறிக்கும்போது, அரசுப் பணத்தை வாரி வழங்குவோர் என்னும் பொருள் தானே தொனிக்கிறது. டெக்சாசில் அவர்களின் எதிரணியினர் அவர்கள்மீது சுமத்தும் குற்றச்சாட்டும் அதுவே. ஒரு தரப்பின் வசையை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே பொதுப்பெயராக்கிவிடுகிறார். ஜான்சன் காலச் சட்டங்களை ஆதரித்தோர் அவற்றைக் கொடை எனக் கருதவில்லை; வாக்களிப்பதும் மருத்துவம் பெறுவதும் உரிமை என்பதே அவர்கள் வாதம்.

மறுதலையாக, சந்தைப் பொருளியலை ஆதரிப்போருக்கும் இச்சொல் நீதி செய்யவில்லை. தொழில் தொடங்குவதற்கான உரிமை அரசு ஈவதன்று, குடிமகனிடம் முன்னரே உள்ளது என்பதே இராஜாஜியின் வாதத்தின் உள்ளீடு. 'தாராளமயமாக்கல்' என்னும் சொல்லோ, அரசு தன் பிடியைப் பெருந்தன்மையோடு தளர்த்திற்று எனக் காட்டுகிறது. ஆக, எவ்வழியிலும் உரிமை மறைந்து ஈகை முன்வருகிறது. குடிமகன் பின்தள்ளப்பட்டு அரசு நடுவிடம் கொள்கிறது. ரவுண்ட் ராக் வீட்டின் மேசையில் தந்தையும் மகளும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமைக்கு அடிப்படை இதுவே. இருவருக்கும் பொதுவான சொல்லாக அமையத்தக்க உரிமை, தமிழ்ச் சொல்லிலிருந்து முன்னரே விலகிவிட்டது.

இலங்கைத் தமிழ்க் கல்வி வழக்கு இவ்விடத்தில் ஒரு தெளிவைத் தருகிறது. அங்கு அரசறிவியல் நூல்கள் அரசியற் கொள்கையைத் 'தாராண்மைவாதம்' என்று குறிக்கின்றன. 1977-க்குப் பின்வந்த சந்தைச் சீர்திருத்தம் பெரும்பாலும் 'திறந்த பொருளாதாரம்' எனப்பட்டது. தாராண்மையும் கொடைப்பொருளின் சாயலை முற்றிலும் நீக்கியதன்று. எனினும் கொள்கை வேறு, பொருளியல் நடவடிக்கை வேறு என்னும் வேறுபாட்டை அவ்வழக்கு காத்துள்ளது. தமிழ்நாட்டு வழக்கு அதனைக் காக்கவில்லை.

முடிவுரை

ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பது அறிவியற் கலைச்சொல்லாக்கத்தின் நல்ல விதி. மாணவருக்கும் அகராதியாளருக்கும் அது எளிமை தரும். அரசியற் சொற்களுக்கு அவ்விதியை அப்படியே பொருத்துதல் தகாது. அங்குச் சொல்லே பூசலின் பொருள். ஆதலின் பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன. கட்சிப் பெயராகவோ ஒருவர் தமக்குத்தாமே இட்டுக்கொண்ட அடையாளமாகவோ வரும் இடங்களில் 'லிபரல்' என்னும் ஒலிபெயர்ப்பே நேர்மையானது. அது எப்பக்கமும் சாயாது. கோட்பாட்டைக் குறிக்க இலங்கை வழக்காகிய 'தாராண்மைவாதம்' ஏற்கத்தக்கது. 'தாராளமயமாக்கல்' 1991-க்குப் பிந்திய பொருளியல் நடவடிக்கைக்கு மட்டும் உரியதாகட்டும். 'மிதவாதம்' சூரத் காலத்து அணிக்கே உரியது. நீதிக்கட்சியின் ஆங்கிலப் பெயரை இன்று மீண்டும் தமிழாக்குவோர் எக்காரணத்தாலும் அதனைத் 'தாராளக் கூட்டமைப்பு' ஆக்கலாகாது. ஆங்கில வழியாகவும் இயந்திர மொழிபெயர்ப்பு வழியாகவும் தமிழக வரலாற்றைக் கற்கும் புலம்பெயர் தலைமுறைக்கு இவ்வாபத்து மிகுதி. 'நலவுரிமைச் சங்கம்' என்னும் பெயர் அதற்கு முன்னரே உண்டு. அது பெயர் மட்டுமன்று, அக்காலத்தோர் அக்கொள்கையை விளங்கிக்கொண்ட முறையும் ஆகும்.

ரவுண்ட் ராக் தமிழ்க் குடும்பத்தின் இருப்பே இச்சொல்லின் இரு பொருளாலும் ஆனது. ஆசியர் குடியேற்றத்தைத் தடுத்துவந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் இக்கவுண்டியின் முன்னாள் பேராளராகிய ஜான்சன். அது மகள் அறிந்த லிபரல் நெறியின் பயன். கணினித் துறை வழியே தந்தையை இங்குக் கொண்டுவந்த வாய்ப்புகளை விரிவாக்கியது 1991-இன் தாராளமயம். அது தந்தை அறிந்த பொருளின் பயன். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதைச் சொல்ல ஆங்கிலம் அவர்களுக்கு உதவவில்லை. அதன் பொருள்கள் கட்சிகளுக்கிடையே பங்கிடப்பட்டுவிட்டன. உதவக்கூடிய சொற்களாகிய உரிமையும் விடுதலையும் தமிழில் உள்ளன. ஒருகாலத்தில் அவை அந்த வேலையைச் செய்தும் காட்டின. அவற்றை மீண்டும் அரசியற் கோட்பாட்டு உரைநடையின் நடுவிடத்துக்குக் கொணர்தல் தமிழாய்வுலகின் கடமையாகும்.